குணநாயகம் எழுதாத நாவல்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த மிளகாயைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. குணநாயகத்தின் மனைவி பரமேசக்கா. ஞாயிறு மத்தியானத்தில் கூப்பிடுகிறவர் இல்லை அவர். அது அந்த வீட்டில் தூங்கும் நேரம். "தங்கச்சி, இவர் மோசம் போயிட்டார். மத்தியானம் சாப்பிட்டிட்டுப் படுத்தவர், எழும்பேல்லை" என்றார். குரலில் நடுக்கம் இல்லை.

எழுதவே கூச்சமாக இருக்கிறது. என் வாயில் வந்த முதல் வார்த்தை "அப்பாடா". சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. மிளகாய்க் கையோடு வாயைப் பொத்திக்கொண்டேன், உதடெல்லாம் எரிந்தது. பிறகு பரமேசக்கா மெல்லச் சொன்னார்: "ஓம் தங்கச்சி. எனக்கும் அப்பிடித்தான் இருக்கு."

நாவலாசிரியர் குணநாயகத்தை அறிந்த உங்களில் சிலருக்கு அந்த "அப்பாடா" புரியும். மற்றவர்களுக்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். எண்பதைத் தாண்டிய ஒரு மனிதர், மந்தைவெளியில் ஒரு வாடகை வீட்டில், சொந்தக் கட்டிலில், புடலங்காய்க் கறி சாப்பிட்டுவிட்டு, மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டிவைக்கச் சொல்லிவிட்டுத் தூக்கத்திலேயே போனார். இதில் நிம்மதிப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், அவர் எனக்கு எழுதிய கடிதங்களைப் படித்ததில்லை. அவர் இப்படி ஒரு சாவு சாக வேண்டும் என்று இரண்டு பெண்கள் வருடக்கணக்கில் வேண்டிக்கொண்டிருந்தோம். கிடைத்துவிட்டது.

எங்கள் பழக்கம் சண்டையில்தான் தொடங்கியது. என் முதல் நாவலில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் வருவார். நான் யாழ்ப்பாணத்தைப் பார்த்தவளும் இல்லை, அந்த ஊர்க்காரர் ஒருவரோடு பேசிப் பழகியவளும் இல்லை. சென்னை நூலகத்தில் உட்கார்ந்து எழுதிய டாக்டர் அவர். புத்தகம் வந்து கொஞ்ச நாளில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. அனுப்பியவர் குணநாயகம், தபால் கந்தோர் எழுதுவினைஞர், நாவலாசிரியர் என்று முதுகில் எழுதியிருந்தது. கந்தோர் என்றால் ஆபீஸ், எழுதுவினைஞர் என்றால் குமாஸ்தா. "உங்கள் டாக்டர் பேசுவது எங்கள் ஊர்த் தமிழ் அல்ல. அவர் எந்த ஊர் என்று விசாரித்துப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை" என்று ஆரம்பித்திருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவ்வளவு தெரிந்தவர் நீங்களே எழுதிக் கொடுங்கள் என்று பதில் போட்டேன். மனிதர் நிஜமாகவே டாக்டரின் பேச்சு முழுவதையும் மாற்றி எழுதி அனுப்பிவிட்டார். வாயை மூடிக்கொண்டு இரண்டாம் பதிப்பில் அப்படியே சேர்த்தேன். டாக்டர் பிழைத்துக்கொண்டார் என்று அவரிடமிருந்து ஒரு வரி வந்தது.

பிறகு போர் முற்றியது. மனைவியையும் மகளையும் இங்கே அனுப்பிவைத்தார். படுத்த படுக்கையாகக் கிடந்த தமையனாரை விட்டுவிட்டு வர முடியாததால் அவர் மட்டும் அங்கே தங்கினார். "இவர்களுக்கு விலாசம் நிலையாக இராது. உங்கள் விலாசம் நிலையானது. அனுமதித்தால் என் மனைவிக்கான கடிதத்தை உங்கள் உறைக்குள் வைக்கிறேன்" என்று கேட்டிருந்தார். அவர் சொன்னது சரியாகவே இருந்தது. சிலோன்காரர்கள் என்றாலே வீடு கொடுக்கத் தயங்கிய காலம் அது. பரமேசக்காவும் மகளும் தி.நகரில் ஒரு வீடு, வடபழனியில் ஒரு வீடு என்று மாறி மாறிக் கடைசியில் கோடம்பாக்கத்தில் ஒரு சினிமா லைட்மேன் வீட்டு மாடியறைக்கு வந்து சேர்ந்தார்கள். பக்கத்து ஸ்டுடியோவில் சண்டைக் காட்சிக்கு வெடி வைத்தால் மகள் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். எனக்கோ சித்திரக்குளத்துச் சந்தில் என் அப்பா கட்டிய வீடு. நான் எங்கே போகப் போகிறேன்.

அப்போது நான் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தேன். ஊர் உலகத்துக்கெல்லாம் டிரங்க் கால் போட்டுக் கொடுப்பவள். அந்த ஊருக்கு மட்டும் லைன் கிடையாது. கடிதம் ஒன்றுதான் வழி. அதுவும் கொழும்புக்குப் போகிற யாராவது கையில் எடுத்துப் போய்த் தபாலில் சேர்த்தால் உண்டு. உறைக்குள் இரண்டு தாள் இருக்கும். ஒன்று பரமேசக்காவுக்கு: "நான் நலம். நீர் மருந்தை ஒழுங்காக எடுக்கவும். பிள்ளையைப் படிக்கச் சொல்லவும்." ஒவ்வொரு தடவையும் அதே வாசகம். இன்னொன்று எனக்கு, பக்கம் பக்கமாக. பெண்டாட்டிக்கு இரண்டு வரிக்கு மேல் எழுத வராத மனிதர் என்ன பெரிய நாவலாசிரியர் என்று மனத்துக்குள் திட்டிக்கொண்டே கோடம்பாக்கத்துக்குப் பஸ் ஏறுவேன்.

எனக்கு வந்த தாள்களில் என்ன இருந்தது என்றால், ஒரு நாவல். "புது நாவல் ஒன்று தொடங்கியிருக்கிறேன். கதாநாயகன் பெயர் சபாபதி. அத்தியாயங்களைச் சுருக்கி அனுப்புகிறேன். தயவு பாராமல் குறை சொல்லவும்" என்று எழுதியிருந்தார். குறை சொல்லச் சொன்னால் எனக்குக் கேட்கவா வேண்டும். என் டாக்டரை அவர் உரித்துக் காயப்போட்ட கணக்கு வேறு பாக்கி இருந்தது.

சிவப்பு மசிப் பேனாவோடு உட்கார்ந்துவிட்டேன். சபாபதி ஓர் அத்தியாயத்தில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது கோழிக்கூட்டைத் திறந்துவிட்டுப் போகிறான். அது அருமை என்று எழுதினேன். ஆனால் அதற்குள் அவன் இடம் மாறிக்கொண்டே இருக்கிறான், வாசகருக்கு அலுப்புத் தட்டும், இரண்டு இடங்களைக் குறைக்கலாம் என்றேன். பக்கத்து வீட்டுத் தையற்காரர் மணியம், பாதிச் சட்டையை மிஷினில் விட்டுவிட்டு வாசலுக்கு வந்தவர், செத்துப் போகிறார். இது திடுதிப்பென்று இருக்கிறது, சாவுக்கு முன்னால் ஒரு குறிப்பாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாசகர் நம்பமாட்டார் என்று எழுதினேன். மொத்தத்தில் இந்த அத்தியாயம் சரியில்லை என்று அடிக்கோடு போட்டேன். அவரிடமிருந்து அமைதியாகப் பதில் வந்தது: "தாங்கள் சொல்வது சரி. முன்னால் ஒரு குறிப்பு இருந்திருக்கலாம்."

இதையெல்லாம் பரமேசக்காவிடம் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எழுத்தாளருக்குள் நடக்கும் சமாசாரம், அவருக்கு இதில் என்ன என்று நினைத்தேன். ஒருநாள் அவருடைய தாளை எடுக்கும்போது என் கைப்பையிலிருந்து அந்த அத்தியாயங்களும் சேர்ந்து வெளியே விழுந்தன. "இவ்வளவும் அவர் எழுதினதோ?" என்று கேட்டு எடுத்தார். புது நாவல் அக்கா, நன்றாக வந்துகொண்டிருக்கிறது, கொஞ்சம் இழுவை, நான் சரிபண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். நான் டம்ளரில் இருந்த டீயைக் குடித்து முடித்தேன். அவர் நிமிரவில்லை.

கடைசியில் ஒரு தாளில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார். "தங்கச்சி, இதை நீங்கள் நாவல் எண்டோ நினைச்சியள்? இது எங்கட கோழிக்கூடு."

எனக்கு விளங்கவில்லை. அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். சபாபதியின் படலைக்கு, அதாவது வெளிவாசல் கதவுக்குப் பக்கத்தில் நிற்கும் நெல்லிமரம் அவர்கள் வீட்டு நெல்லிமரம். சபாபதி தமையனாரைத் தள்ளிக்கொண்டு போகும் சைக்கிள் அவர்களுடைய சைக்கிள். மணியம் என்ற தையற்காரர் அவர்கள் தெருச் சின்னராசா. பரமேசக்காவின் கலியாண ரவிக்கையைத் தைத்தவர். தபால் கந்தோரில் வேலை பார்த்த மனிதருக்கு உறைகள் எப்படிப் பிரிக்கப்படும், யார் யார் படிப்பார்கள், எப்படித் திரும்ப ஒட்டப்படும் என்று தெரியாதா? நடந்ததை நடந்ததாக எழுதினால் கடிதமும் வராது, எழுதியவருக்கும் ஆபத்து. பேர் சொல்லப்பட்டவர்களுக்கும் ஆபத்து. மனைவியைக் கலவரப்படுத்தவும் கூடாது. ஆகவே, உண்மையை நாவல் என்று சொல்லி இன்னொரு நாவலாசிரியருக்கு அனுப்பினார். எழுதுகிறவள் ஆயிற்றே, கண்டுகொள்வாள் என்று நம்பியிருக்கிறார். எழுதுகிறவளாக இருந்ததால்தான் நான் கண்டுகொள்ளவில்லை. நான் வடிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அறையில் எனக்கு இருந்த இருப்பைச் சொல்லி மாளாது. செத்துப்போன மனிதரைப் பற்றி நம்பும்படி இல்லை என்று எழுதியவள். ஆனால் பரமேசக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். இவ்வளவு எழுதுகிறார் என்றால் சுகமாகத்தான் இருக்கிறார், கையெழுத்தும் கோணவில்லை, பாருங்கோ என்றார். எனக்கும் மூச்சு வந்தது.

அன்று முதல் கடிதங்களை இருவருமாகப் படித்தோம். பதிலையும் இருவருமாக எழுதினோம். பரமேசக்கா சொல்வார், நான் அதை விமர்சனத்தின் பாஷையில் மாற்றுவேன். அவர் கிணற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்கிறார் போலிருக்கிறது, நெஞ்சுச் சளிக்காரர் என்று அக்கா கவலைப்பட்டால், "சபாபதி தண்ணீரைக் காய்ச்சாமல் குடிப்பது அவனுடைய குணத்துக்குப் பொருந்தவில்லை" என்று எழுதுவேன். வாசல் அறையில் படுக்க வேண்டாம் என்று சொல்லவேண்டுமா, "கதாநாயகனை வீட்டின் உட்புறத்துக்கு நகர்த்தினால் அத்தியாயம் இறுக்கமாக இருக்கும்." ஒரு பெண்டாட்டியின் நச்சரிப்பு முழுவதையும் நான் இலக்கியமாக்கிக் கடல் தாண்டி அனுப்பினேன். அவர் பதில் இப்படி வந்தது: "உங்கள் விமர்சனத்தின் தரம் திடீரென்று உயர்ந்துவிட்டது. சபாபதிக்கு வெந்நீருக்கு ஏற்பாடு செய்தாயிற்று. உங்களுக்கு யாரோ உதவுகிறார்கள் என்று ஊகிக்கிறேன். அவருக்கு என் வணக்கம்." வணக்கம் என்ற சொல்லைப் பார்த்ததும் பரமேசக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். புது மணப்பெண் கெட்டாள், போங்கள்.

கடிதம் வருவதும் வராததும் எங்கள் தெருவுக்கே தெரியும். காரணம், தபால்காரர் கன்னியப்பன். சந்து முனையிலேயே மணியை அடித்துக்கொண்டு, "யம்மா, சிலோன் லெட்டரு வந்துகீது, டீ போடு" என்று குரல் கொடுப்பார். கடிதம் இல்லாத நாட்களில் என் வீட்டு வாசல் வந்ததும் எதிர்வரிசையைப் பார்த்துக்கொண்டு சைக்கிளை மிதித்துவிடுவார். கெட்ட சேதியைக்கூடக் கையில் கொடுத்துவிடலாம், ஒன்றும் இல்லை என்று சொல்வதுதான் கஷ்டம் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அப்படி ஒரு கஷ்டகாலம் வந்தது. கடைசியாக வந்த கடிதத்தில் சபாபதியின் தமையனார் காலமாகியிருந்தார். "சபாபதிக்கு இனி இங்கே வேலை இல்லை. நாவலை முடித்தாக வேண்டும். இங்கே எழுதுகிறவர்கள் எல்லோரும் கதாநாயகனை வழியிலேயே கொன்றுவிடுகிறார்கள். அது சுலபமான முடிவு. உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டிருந்தார். கதாநாயகனைக் கொல்லக்கூடாது என்பதற்கு உலக இலக்கியத்தில் இருக்கும் அத்தனை காரணங்களையும் திரட்டிப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு போய்ப் படித்துக்காட்டினேன். பரமேசக்கா முழுவதும் பொறுமையாகக் கேட்டார். "இவ்வளவு வேண்டாம் தங்கச்சி. கதாநாயகன் வந்து சேரவேணும் எண்டு மட்டும் எழுதுங்கோ. மிச்சத்தை நேரில பேசலாம்." அப்படியே எழுதினேன். அதற்குப் பிறகு பல மாதங்கள் ஒரு தகவலும் இல்லை. கன்னியப்பன் என் சந்துக்குள் வருவதையே குறைத்துக்கொண்டார்.

ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தேன். வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. ஒல்லியாக, நரைத்த தாடியோடு ஒருவர் இறங்கி, கையில் ஒரு துணிப்பையோடு கதவுக்கு வெளியே தயங்கி நின்றார். நான் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை, ஒரு புகைப்படத்தில்கூட. யார் வேண்டும் என்று கேட்கப் போனேன். அவர் முந்திக்கொண்டார். "பிள்ளை, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தருவியளோ? காய்ச்சின தண்ணி."

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். எனக்குக் கூச்சநாச்சம் எல்லாம் போய்விட்டது. அவர் என்ன செய்வது என்று தெரியாமல், அழாதேங்கோ, பச்சைத் தண்ணியும் பரவாயில்லை என்றார். அன்று வேலைக்கு மட்டம். அதே ஆட்டோவில் கோடம்பாக்கம் போனோம். லைட்மேன் வீட்டு மாடிப்படியில் பரமேசக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார். கையில் இருந்த துணியை உதறிக் கொடியில் போட்டு, கிளிப்பும் போட்டார். "மெலிஞ்சு போனியள். ஏறி வாங்கோ" என்றார். நான் கீழேயே நின்றுவிட்டேன்.

அடுத்த வாரம் அவர் சந்திக்க விரும்பிய முதல் ஆள் எந்த எழுத்தாளரும் இல்லை. கன்னியப்பனைக் காட்டச் சொன்னார். தபால் நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் அறிமுகம் செய்தேன். கன்னியப்பன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, அந்த சிலோன் லெட்டரு நீதானா? உன்னால இந்தம்மா என்னிய எத்தினி நாளு மொறச்சிக்கினு இருந்திச்சி தெரியுமா" என்றார். இரண்டு தபால்காரர்களும் முத்திரை, பசை, ஒட்டிய உறை என்று மத்தியானம் வரை பேசினார்கள். எனக்கு அங்கே வேலை இல்லை என்று வந்துவிட்டேன்.

மந்தைவெளியில் குடியேறிய பிறகு அடையாற்றில் ஒரு பதிப்பகத்துக்கு மெய்ப்புத் திருத்தும் வேலைக்குப் போனார். உங்களில் பலர் அவரை அங்கேதான் பார்த்திருப்பீர்கள். பலருடைய கையெழுத்துப் பிரதியில் அவருடைய பென்சில் பட்டிருக்கும். அவர் மறுபடியும் நாவல் எழுதவில்லை. ஏன் என்று நான் நச்சரித்தபோது, "இனிப் பொய் சொல்லவேண்டிய தேவை இல்லை, பிள்ளை" என்றார். அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. தையற்காரர் சாவுக்கு நான் எழுதிய விமர்சனத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். "அங்கை எல்லாரும் விதி எண்டவை. நீங்கள் ஒராள்தான் இந்த அத்தியாயம் சரியில்லை எண்டு எழுதினியள். வாசிச்சுப்போட்டு நான் ஓம், சரியில்லைத்தான் எண்டு சத்தமாச் சொன்னனான்" என்றார். என் மனத்திலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அதற்காகவே அவர் அதைச் சொன்னாரோ என்னவோ.

அங்கே போர் முழுவதும் ஓய்ந்து, அவருடைய உறவினர்களும் ஆளுக்கொரு தேசம் போய்ச் சேர்ந்த பிறகு, ஓர் இளம் பதிப்பாளர் இந்தக் கடிதங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தார். கடித வடிவ நாவல் என்று போடலாம் சார், தமிழில் புதுமை, பரிசுக்கும் அனுப்பலாம் என்றார். குணநாயகம் காபியைக் கீழே வைத்தார். "அதில செத்தவை பாத்திரங்களில்லை, தம்பி" என்றார். அவ்வளவு கடுமையான குரலை அவரிடம் நான் அதற்கு முன் கேட்டதில்லை. பையன் போன பிறகு என்னிடம் சொன்னார்: அச்சில் வந்தால் உண்மைப் பெயரோடுதான் வர வேண்டும். மறைத்த பெயர்களை எல்லாம் திருப்பிப் போட வேண்டும். அது தெரிந்தவர் இப்போது அவர் ஒருவர்தான். பாதிப் பேர் பரமேசக்கா இங்கே வந்த பிறகு, குணநாயகம் ஊர் ஊராக இடம் மாறிய வழியில் சந்தித்தவர்கள். அவருக்கு இதயத்தில் ஏற்கெனவே ஒருமுறை தகராறு வந்திருந்தது. அவர் போனால் அத்தனை பேரும் மணியம், தங்கம் என்ற பொய்ப் பெயர்களிலேயே வெறும் கதையாக நின்றுவிடுவார்கள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

செவ்வாய்க்கிழமைதோறும் என் வீட்டுக்கு வருவார். பால் ஊற்றாத தேத்தண்ணீர் வேண்டும். நான் கடிதத்தை உரக்கப் படிப்பேன். பொய்ப் பெயர் வரும்போது கையைத் தூக்குவார். உண்மைப் பெயர், தகப்பன் பெயர், ஊர், என்ன வேலை என்று சொல்வார். நான் நகலில் வெட்டி எழுதுவேன். சில பெயர்கள் உடனே வரும். சிலவற்றுக்கு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்போம். ஒரு செவ்வாய் தையற்காரரின் மனைவி பெயர் அவருக்கு வரவே இல்லை. பரமேசக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டோம். தெருவே அவரை ரெயிலர் வீட்டு அக்கா, அதாவது டெய்லர் வீட்டு அக்கா என்றுதான் கூப்பிட்டதாம். மனிதர் தேத்தண்ணீரைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். மறுநாள் காலை பால்காரர் வருவதற்கு முன் என் வீட்டு மணி அடித்தது. பதறிக்கொண்டு கதவைத் திறந்தேன். மந்தைவெளியிலிருந்து நடந்தே வந்திருந்தார், மூச்சு வாங்கியது. "நாகம்மா. அந்த மனிசியின்ர பேர் நாகம்மா" என்றார். உள்ளே வரச் சொன்னேன். இல்லை, பால் வாங்கவேணும் என்று திரும்பிப் போய்விட்டார்.

இந்தப் பொங்கலுக்குப் பிறகு வேலை முடிந்தது. எல்லோருக்கும் பெயர் வந்துவிட்டது, ஒருவரைத் தவிர. சபாபதி சபாபதியாகவே இருந்தான். நான் சண்டை பிடித்தேன். அவர் மசியவில்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு அதில் பேர் என்னத்துக்கு, செத்தவைக்குத்தான் பேர் வேணும் என்றார். தம் பெயரைப் போட்டால் கோழியைத் திறந்துவிட்டவரைப் பற்றித்தான் ஊர் பேசும், சின்னராசாவையும் நாகம்மாவையும் யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது அவர் கட்சி. அவர் பேனாவை மூடி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

தகனத்துக்குக் கன்னியப்பன் வந்திருந்தார். ஆற்றோரத்துக் குடிசைகளை எடுத்தபோது அவர் குடும்பத்தையும் ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். இரண்டு பஸ் மாறி, கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று, "ரைட்டான அட்ரஸுக்கு வந்து சேந்துட்டு, பொறுமையா போன ஆளு. இன்னாத்துக்கு யம்மா அழுவுற" என்று கடிந்துகொண்டார். உண்மைதான் என்று மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

முப்பத்தொன்றாம் நாள் காரியத்தை அவர்கள் ஊரில் அந்தியேட்டி என்கிறார்கள். அது முடிந்த மறுநாள் பரமேசக்கா என் வீட்டுக்கு வந்தார். கனடாவிலிருந்து வந்திருந்த மகள் கீழே ஆட்டோவை அனுப்பிக்கொண்டிருந்தாள். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசைக்கு முன் உட்கார்ந்தார். பெயர் திருத்திய அந்த நகல்களை எடுக்கச் சொன்னார். நான் தயங்கினேன். அவர் தம் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாரே என்றேன்.

"செத்தவைக்குப் பேர் வேணும் எண்டு அவர்தானே சொன்னவர்? அவற்ற கணக்குப்படி இப்ப அவருக்கும் வேணும். பேனையைத் தாங்கோ, நானே எழுதுறன்."

பரமேசக்கா தன் கணவரின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. இவர், அவர், பிள்ளையின்ர அப்பா. வீட்டு உரிமையாளர் கேட்டால்கூட மகளைக் கூப்பிட்டுச் சொல்ல வைப்பார். அன்று முதல் தாளை எடுத்தார். சபாபதி என்ற சொல்லின் மேல் நிதானமாக ஒரு கோடு போட்டு, மேலே எழுதினார். எழுதியது சரியா என்று பார்க்க, முன்பு கோடம்பாக்கத்து அறையில் படித்ததுபோல வாய்விட்டுப் படித்தார். "குணநாயகம் படலையைச் சாத்திவிட்டு நடக்கத் தொடங்கினான்." பெயரை மட்டும் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு அடுத்த தாளைப் புரட்டினார். பக்கம் பக்கமாகச் சபாபதி போய்க்கொண்டிருந்தான், குணநாயகம் வந்துகொண்டிருந்தார். படியேறி வந்த மகள் கதவருகிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

புத்தகம் அச்சுக்குப் போகிறது. அட்டையில் நாவல் என்ற சொல் இராது. மூலக் கடிதங்களை மகள் எடுத்துப் போகிறாள். எனக்கு ஒரு தாளும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருடமாக உறையின் முதுகில் மசியால் எழுதப்பட்டு வந்த பெயர் அது. அதைப் பரமேசக்காவின் குரலில் கேட்டேனே, அவர் நினைவாக நான் வைத்துக்கொள்வது அது ஒன்றுதான்.